என்ஜின் வைத்த சைக்கிள்: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிளில் சிறு என்ஜினைப் பொருத்தி ஓட்டும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. பாராட்ட வேண்டிய முயற்சிதான். இந்தச் செய்திகளில் மூன்று விவரங்கள் தவறாமல் இருக்கும்: எவ்வளவு செலவு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம். அந்த வேகத்தில் போகிற சைக்கிள் எப்படி நிற்கும் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. செய்தியைப் படித்துவிட்டு அடுத்த வாரமே காயலான் கடைக்குப் போகும் பையன்களை மனத்தில் வைத்து இந்த வேலையின் விவரங்களைக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது. இடம் போதாவிட்டால் அடுத்த பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். பிரேக் பற்றிய பத்திகளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1946இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் சோய்ச்சிரோ ஹோண்டா செய்ததும் இதைத்தான். போர்க்காலத்தில் ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சின்ன ஜெனரேட்டர் என்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் மாட்டினார். முதல் மாதிரிக்குப் பெட்ரோல் டேங்க், வெந்நீர் ஊற்றி வைக்கும் ஒத்தடக் குடுவை. பிரான்சில் வெலோசோலெக்ஸ் முன் சக்கரத்தின் மேல் என்ஜினை வைத்து, ஒரு உருளையால் டயரைத் தேய்த்து ஓட்டியது. நம் பக்கம் திருப்பதியில் தயாரான சுவேகா, 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். கவனிக்க வேண்டியது இதுதான்: என்ஜினைச் சைக்கிளில் வைத்துப் பார்த்த கம்பெனிகள், சில வருடங்களிலேயே ரிம்மை மாற்றின, அச்சைத் தடிமனாக்கின, டிரம் பிரேக் வைத்தன, சட்டத்தையே (ஃபிரேமை) வேறு தகட்டில் அடித்தன. மாற்றி மாற்றிக் கடைசியில் கிடைத்ததற்குத்தான் மொபெட் என்று பெயர். பட்டறையில் பொருத்துகிறவர் அந்த மாற்றங்களையெல்லாம் தாண்டிக் குதித்துவிட்டு என்ஜினை மட்டும் மாட்டுகிறார்.

இப்போது ஆன்லைனில் அதிகம் கிடைப்பது சீனாவில் செய்யப்படும் இரண்டு ஸ்ட்ரோக் கிட். பெட்டியில் '80 சிசி' என்று போட்டிருப்பார்கள். சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 38 மி.மீ.; கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். '50 சிசி' என்பது 40க்கு 38, அதாவது 48 சிசி. என்ஜின், கார்புரேட்டர், சைலன்சர், சுமார் 2 லிட்டர் டேங்க், 44 பல் பின் சக்கரப் பல்வட்டு, 415 செயின், கிளட்ச் பிடி, ஆக்சிலரேட்டர், ஒரு பை நிறைய நட்டு போல்ட்டு என எல்லாம் சேர்ந்து 10 கிலோ அளவுக்கு வரும். என்ஜினுக்குள்ளேயே 20க்கு 82 பல் குறைப்பு. வெளியே 10க்கு 44. பெருக்கினால் என்ஜின் 18 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். என்ஜின் 5000 சுற்றில் ஓடும்போது மணிக்கு 34 கி.மீ., 6000 சுற்றில் 41 கி.மீ. இந்த என்ஜினோடு சாதாரணமாக எதிர்பார்க்க வேண்டிய வேகம் அவ்வளவுதான். அறுபதில் போகிறது என்று யாராவது சொன்னால், பின் பல்வட்டு எத்தனை பல் என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தச் சைக்கிள் என்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. நம் ஊரில் கையில் கிடைப்பது பால்காரர் ஓட்டும் 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள். சட்டம் கனமானது, குழாய்களுக்கு நடுவே இடம் தாராளம், அதனால் இதுதான் தோது என்று தோன்றும். உண்மையில் இதில்தான் சிக்கல் அதிகம். ஒன்று, பின் பிரேக்கின் கம்பி ஹேண்டிலிலிருந்து கீழ்க்குழாயை ஒட்டியே இறங்கி, பெடல் அச்சுக்குப் பக்கத்தில் திரும்பிப் பின்னால் போகிறது. என்ஜினின் முன் கிளாம்ப் உட்கார வேண்டிய இடமும் அதே கீழ்க்குழாய்தான். பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அந்தப் பிரேக் கம்பியைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வண்டிக்கு என்ஜின் வருகிற அன்றே பின் பிரேக் போய்விடுகிறது.

இரண்டாவது, போக்ஸ் (சக்கரக் கம்பி) கணக்கு. இதைச் சொல்பவர்கள் குறைவு. கிட்டில் வரும் பின் பல்வட்டில் ஒன்பது ஓட்டைகள் இருக்கும். இடப்பக்கப் போக்ஸ் கம்பிகளின் இடைவெளியில் ஒன்பது போல்ட்டுகளை நுழைத்து, உள்ளே ஒரு ரப்பர் வட்டு, வெளியே ஒரு ரப்பர் வட்டு, உட்புறம் பிறை வடிவத் தகடுகள் வைத்து இறுக்க வேண்டும். இந்த அமைப்பு 36 போக்ஸ் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது: ஒரு பக்கத்துக்கு 18, இரண்டு கம்பிக்கு ஒரு போல்ட் என்று சமமாக விழும். நம் கறுப்புச் சைக்கிளின் பின் சக்கரத்துக்கு 40 போக்ஸ். ஒரு பக்கத்துக்கு 20. இருபதை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். சில போல்ட்டுகள் இடைவெளியில் விழும், சில கம்பியின் மேலேயே விழும். கம்பியை வளைத்து ஒதுக்கிவிட்டு இறுக்கினால் அப்போதைக்கு நின்றுவிடும். வளைந்த கம்பி அந்த வளைவிலோ ஹப்பின் அருகே உள்ள கொக்கியிலோ முறியும். ஒன்று முறிந்தால் பக்கத்தில் உள்ளதற்குச் சுமை கூடும். இரண்டாவது முறிவதற்கு அதிக நாள் ஆகாது.

ஆகவே என் அபிப்பிராயம்: கறுப்புச் சைக்கிளை விட்டுவிடுங்கள். 26 அங்குல இரும்புச் சட்டம், 36 போக்ஸ் பின் சக்கரம், கியர் இல்லாத அல்லது பின்னால் மட்டும் கியர் உள்ள சைக்கிள், முன்னால் டிஸ்க் பிரேக் மாட்ட இடம் உள்ள ஃபோர்க். ஷாக் அப்சார்பர் பின்னால் இருக்கக் கூடாது. சட்டம் நடுவில் அசைந்தால் செயின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். அலுமினியச் சட்டத்தில் குழாய் தடிமன். கிட்டின் கிளாம்ப் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைவான, சுமார் 28.6 மி.மீ. குழாய்க்கு உரியது. பெருங்குழாயில் பொருத்துவதற்கென்று ஒரு தகடும் ஒரு நீள போல்ட்டும் கிட்டிலேயே போட்டுக் கொடுத்து, குழாயில் ஓட்டை போட்டு மாட்டச் சொல்லும் படம் ஒன்றும் இருக்கும். செய்யாதீர்கள். கீழ்க்குழாயில் ஓட்டை போட்டால், அதிர்வு முழுவதும் அந்த ஓட்டையின் விளிம்பில் வேலை செய்யும். விரிசல் பெயின்ட்டுக்கு அடியில் ஆரம்பிக்கும், வெளியே தெரியும்போது குழாய் பாதி அறுந்திருக்கும். தடித்த குழாயைச் சுற்றிப் பிடிக்கும் தனி கிளாம்பை லேத்தில் செய்துகொள்வதுதான் முறை.

பின் சக்கரத்தை முதலில் முடியுங்கள், என்ஜின் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ரிம்மின் கோட்டத்தை எடுத்து, போக்ஸ் எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று விரலால் தட்டிச் சத்தம் பாருங்கள். பிறகு ரப்பர் வட்டுகளோடு பல்வட்டை மாட்டி, ஒன்பது நட்டுகளையும் கையால் திருகி நிறுத்துங்கள். ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு எதிர்ப்புறம் உள்ளது. காருக்குச் சக்கரம் மாட்டுவதைப் போல. சட்டத்தில் ஒரு பேனாவைக் கட்டி அதன் முனை பல்லைத் தொடும்படி வைத்து, சக்கரத்தைச் சுற்றுங்கள். பக்கவாட்டு ஆட்டமும் மேல் கீழ் ஆட்டமும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வரும் வரை, பேனாவை விட்டுத் தூரப் போகும் பக்கத்து நட்டைத் தளர்த்தியும் எதிர்ப்பக்கத்தை இறுக்கியும் சரிசெய்ய வேண்டும். ரப்பர் சற்றே பிதுங்கும் அளவுக்கு இறுக்கம் போதும். ஒரு மணி நேரம் பிடிக்கிற வேலை. இதைப் பத்து நிமிடத்தில் முடித்தவர்களின் வண்டியில்தான் செயின் ஒரு இடத்தில் விறைத்தும் ஒரு இடத்தில் தொங்கியும் ஓடும். செலவு செய்ய மனம் இருந்தால், ஹப்பையே பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் வகைப் பல்வட்டு கிடைக்கிறது. போக்ஸ் மேல் இழுப்பு விழாது. 40 போக்ஸ் பிரச்சினையும் இல்லை.

செயினைப் பற்றி. 415 செயின், சைக்கிள் செயினைப் போலவே அரை அங்குலக் கண்ணி, ஆனால் அகலமும் தகட்டுத் தடிமனும் அதிகம். நீளத்தைச் சரியாக வெட்டினால், பின் சக்கரத்தைச் சற்று நகர்த்தியே இறுக்கம் பிடித்துவிடலாம். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். இணைப்புக் கண்ணியின் கிளிப் மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கட்டும். கிட்டில் ஒரு சின்ன உருளையும் அதைப் பின் சட்டக் கம்பியில் பிடிக்கும் கிளாம்பும் வரும். செயினின் தொய்வை எடுக்கத்தான் அது. இந்தக் கிட்டில் ஆளைக் கீழே தள்ளுவதில் முதல் இடம் இந்த உருளைக்கே. கீழ்ச்சட்டக் கம்பி பின்னால் போகப் போகக் கூம்பி மெலிகிறது. கிளாம்போ நேரான குழாய்க்கு உரியது. அதிர்வில் கிளாம்ப் மெல்ல வழுக்கி உட்பக்கம் திரும்பும். உருளை போக்ஸுக்குள் மாட்டும். ஓடுகிற பின் சக்கரம் ஒரே நொடியில் நிற்கும். உருளை இல்லாமல் செயின் ஓடும்படி அமைத்துக்கொள்வது நல்லது. வேறு வழி இல்லையென்றால், கிளாம்புக்கு அடியில் ஒரு சுற்று டியூப் ரப்பர் வைத்து, கிளாம்ப் திரும்ப முடியாதபடி ஒரு தகட்டால் அதை இன்னொரு உறுதியான இடத்தோடு கட்டிவிடுங்கள். டயர் 1.95 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். செயினுக்கும் டயருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி வேண்டும்.

என்ஜினைப் பொருத்துவதில் ஒரு தப்பெண்ணம் ஊறிப்போயிருக்கிறது: அதிர்வைக் குறைக்கக் கிளாம்புக்கு நடுவே கனமான ரப்பரைச் செருகுவது. ரப்பர் வைத்தால் என்ஜின் ஆடும், ஆடினால் ஸ்டட் (என்ஜினைப் பிடிக்கும் தலையில்லாத போல்ட்) வளையும், வளைந்து வளைந்து அறும். இரும்பும் இரும்பும் முழுதாகப் படிந்து, இறுகப் பிடித்திருப்பதே சரி. பின் கிளாம்ப் சீட் குழாயிலும் முன் கிளாம்ப் கீழ்க்குழாயிலும் இடைவெளி இல்லாமல் படிகிறதா என்று, நட்டு மாட்டுவதற்கு முன்பே கையால் பிடித்துப் பாருங்கள். படியவில்லையென்றால் அரத்தால் ராவுங்கள்; நட்டை இறுக்கிப் படிய வைக்காதீர்கள். கிட்டோடு வரும் ஸ்டட்டுகள் மென்மையான இரும்பு. அதே திருகின் 8.8 தர போல்ட்டுகளை மாற்றி, நட்டுகளுக்கு நைலான் வளையம் உள்ளது போட்டு, திருகில் நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சொட்டு விடுங்கள். என்ஜினின் பக்கவாட்டு மூடியும் கிளட்ச் கையும் பெடல் கைக்குத் தட்டாமல் இருக்கக் குறைந்தது 5 மி.மீ. வேண்டும், கையால் பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. டேங்க்கை மேல் பாரில் பிடிக்கும் திருகுகளை மட்டும் அளவோடு இறுக்குங்கள். அவை மெல்லிய தகட்டில் பற்றவைக்கப்பட்டவை. அளவு மீறினால் பற்றவைப்பு விட்டுப் பெட்ரோல் கசிந்து, நேராகக் கீழே உள்ள சூடான சிலிண்டரின் மேல் சொட்டும்.

இனி பிரேக். ஓடும் வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் அதை நிறுத்த எடுக்கும் தூரம் நான்கு மடங்காகிறது. நல்ல பிரேக், காய்ந்த ரோடு, ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு 3 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு 5 மீட்டரில் நிற்கும் சைக்கிள், 40 கி.மீ. வேகத்தில் 20 மீட்டருக்கு மேல் ஓடும். குறுக்கே மாடு வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்கை அழுத்த ஒரு வினாடி என்றால், அந்த ஒரு வினாடியில் 20இல் ஐந்தரை மீட்டர், 40இல் 11 மீட்டர் போயிருக்கும். மொத்தம் 11 மீட்டருக்கும் 32 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம். இது நல்ல பிரேக்குக்கான கணக்கு.

கறுப்புச் சைக்கிளின் கம்பி பிரேக், பளபளப்பான இரும்பு ரிம்மின் உட்பக்கத்தை இரண்டு ரப்பர் கட்டைகளால் மேலே இழுத்துப் பிடிப்பது. மழையில் நனைந்தால் ரிம் சில சுற்றுச் சுற்றித் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடியே கிடைக்கும். பெடல் மிதித்துப் போகும் வேகத்துக்கு அது போதும். என்ஜின் வேகத்துக்குப் போதாது. குறைந்தபட்சம் அலுமினிய ரிம்மும் இரு பக்கமும் நெருக்கும் நீளக் கை பிரேக்கும் வேண்டும். நல்லது, முன்னால் 160 மி.மீ. டிஸ்க். பின்னால் டிஸ்க் வைக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: சைக்கிளில் பின் டிஸ்க் உட்காருவது இடப்பக்கம், கிட்டின் பல்வட்டும் அதே இடப்பக்கம். பின்னால் ரிம் பிரேக்தான்.

கைப்பிடியிலும் ஒரு நெருக்கடி. வலக்கையில் ஆக்சிலரேட்டர், இடக்கையில் கிளட்ச். பிரேக் பிடி இரண்டு வேண்டும், இடம் ஒன்றுதான். பலர் ஒரு பிடியோடு நிறுத்திக்கொண்டு முன் பிரேக்கையோ பின் பிரேக்கையோ கைவிடுகிறார்கள். ஒரே பிடி இரண்டு கேபிளையும் இழுக்கும் வகை கிடைக்கிறது. வலப்பக்கம் அதை மாட்டலாம். வாங்கும்போது, ஒரு கேபிள் அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும் அமைப்பா என்று பாருங்கள். மாட்டியபின் ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு, பெடலில் ஓட்டிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோல் கலவையில் நடக்கும் தவறுகள்தான் என்ஜினைக் கொல்லுகின்றன. டிவிஎஸ் 50 காலத்து ஆட்களுக்கு பெட்ரோலில் 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) கலப்பது கைப்பழக்கம். இன்றைய பையன்கள் நான்கு ஸ்ட்ரோக்கில் வளர்ந்தவர்கள். முதல் 300 கி.மீ.க்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மி.லி. 2டி ஆயில், அதாவது 20க்கு 1. பிறகு 40 மி.லி., அதாவது 25க்கு 1. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் ஆயிலை ஊற்றினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி அடைக்கும். டேங்க்கில் நேராக ஊற்றாமல், தனி கேனில் பாதி பெட்ரோல், ஆயில், மீதிப் பெட்ரோல் என்று ஊற்றிக் குலுக்கிவிட்டு மாற்றுங்கள். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

எத்தனால் விஷயம் புதிது. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளதால், அதே கார்புரேட்டர் அமைப்பில் கலவை ஏழெட்டு சதவீதம் ஒல்லியாகிவிடும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் போகும்). கிட் என்ஜின் ஏற்கெனவே சூடாகும் வகை. ஒல்லிக் கலவையில் இன்னும் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் ஊசியில் உள்ள கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். பத்து நிமிடம் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை சாக்லெட் நிறமாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ஒல்லி, உடனே நிறுத்த வேண்டும். கறுப்பும் பிசுக்குமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். என்ஜின் உயிருக்கு ஆபத்து இல்லை. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், சாதாரண ரப்பர் குழாயையும் ஊறவைத்துத் தளர்த்தும். கிட்டில் வரும் பெட்ரோல் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு எத்தனால் தாங்கும் குழாய் போடுவது சின்னச் செலவு.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் இறங்காமல் எகிறிக்கொண்டே இருந்தால், பலர் கேபிளைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு. இரண்டு முகங்களையும் கண்ணாடியின் மேல் விரித்த எமரி தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமன் செய்து, புது கேஸ்கெட் போட்டால் நிற்கும். என்ஜின் வயரிங்கில் சொல்ல அதிகம் இல்லை. நீலத்தோடு நீலம், கறுப்போடு கறுப்பு. நிறுத்தும் சுவிட்சின் இரண்டு வயர்களும் இவற்றோடுதான் சேர வேண்டும். வெள்ளை வயரை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். அதில் சுவிட்சை மாட்டினால் பொறி பலவீனமாகும். வயர் கிளாம்பில் உரசித் தோல் உரிந்தால் பொறி அடியோடு நின்றுபோகும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று செத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மோட்டார் வாகனச் சட்டம் பற்றி ஒரு குழப்பம் உண்டு. சைக்கிள்தானே, ஆர்சி எதற்கு என்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, 28ஆம் உட்பிரிவுப்படி, நான்குக்குக் குறைவான சக்கரமும் 25 சிசிக்கு மேற்படாத என்ஜினும் உள்ள வண்டி மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. 48 சிசியும் 66 சிசியும் முழு மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், லைசென்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். 50 சிசிக்குள் கியர் இல்லாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்பதும் லைசென்ஸ் எடுத்தவருக்குத்தான். வீட்டில் கட்டிய வண்டிக்கு மாதிரி ஒப்புதல் (வண்டியின் மாதிரியைச் சோதித்துத் தரும் அனுமதி) கிடையாது, அதனால் பதிவும் நடக்காது. அபராதத்தைவிடப் பெரிய தலைவலி, யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் ஓட்டியவர் தலையில் விழுவது. காயலான் கடையில் வாங்கிய பழைய டிவிஎஸ் எக்ஸ்.எல். மொபெட் என்ஜினைப் பொருத்துகிறவர்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள். அந்த என்ஜின் எண் யாருடைய காணாமல்போன வண்டியுடையதோ.

25 சிசிக்குள் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு, கடையில் கிடைக்கும் புல்வெட்டும் மிஷின் என்ஜின்களின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். '1இ34எஃப்' என்றால் சிலிண்டர் விட்டம் 34 மி.மீ.; ஸ்ட்ரோக் 28 மி.மீ.; 25.4 சிசி. பேச்சுவழக்கில் '25 சிசி', சட்டத்தின் கண்ணில் 0.4 சிசி கூடுதல். '1இ40எஃப்' 43 சிசி, '1இ44எஃப்' 52 சிசி. சின்ன என்ஜின் 7000 சுற்றில்தான் வேலை செய்யும். 26 அங்குலச் சக்கரத்தில் 25 கி.மீ. வேகம் போதும் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று. அதாவது 35க்கு 1 குறைப்பு வேண்டும். ஒரே செயினில் அது வராது, நடுவில் இன்னொரு தண்டு போட்டு இரண்டு கட்டமாகக் குறைக்க வேண்டும். டயரின் மேல் உருளை வைத்து ஓட்டலாம் என்றால், 25 மி.மீ. உருளைக்கு 33 கி.மீ. வேகம் வரும், 25 கி.மீ.க்கு 19 மி.மீ. உருளை தேவை. உருளை சிறுத்தால் டயரைச் செதுக்கும், மழையில் வழுக்கும். அதற்கு 250 வாட்டுக்குக் குறைவான, 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத, ஒப்புதல் பெற்ற மின்சார சைக்கிள் எவ்வளவோ மேல். தினமும் வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்றால், ஆர்சியோடு உள்ள பழைய மொபெட்டே போதும். என்ஜின் சைக்கிள் கற்றுக்கொள்வதற்கு அருமையான வேலை. கல்லூரி வளாகத்திலும் தோட்டத்துப் பாதையிலும் ஓட்டிப் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டிருக்கட்டும். முதல் 20 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, அச்சு நட்டு முதல் பல்வட்டு நட்டு வரை எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்பேனரில் பார்த்துவிடட்டும்.

ஒரு வேண்டுகோள். இத்தகைய செய்திக்குப் போகும் உங்கள் நிருபர், வண்டியின் இடப்பக்கம் நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சைக்கிளின் பெடல் செயின் வலப்பக்கம், அதற்கு மூடி உண்டு. என்ஜின் செயின் இடப்பக்கம், அதற்கு மூடி கிடையாது. மிதிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். நம் ஊரில் கேரியரில் ஒருக்களித்து உட்காரும் பெண்கள் கால்களைத் தொங்கப்போடுவதும் இடப்பக்கம்தான். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் அந்தப் பக்கம்தான் விழும். இடப்பக்கம் தகட்டு மூடி இல்லாமல், கேரியரில் ஒரு ஆளும் உட்கார்ந்திருக்கும் படம் வந்தால், அதை மட்டுமாவது அச்சில் ஏற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
சைக்கிள், மொபெட் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்,
ஈரோடு